அம்மாவின் மூட்டு வலி எனக்கும் வந்துவிட்டது, மகளுக்கும் வருமா?

பெயர் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளோடு 36 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். கடிதம் மிக நீளம், அதனால் சுருக்கித் தருகிறேன். மூன்று வருடமாக அவருக்கு உடம்பு முழுக்க வலி. கழுத்து, தோள், முதுகு, இடுப்பு, முழங்கால், கை விரல்கள் என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. எட்டு மணி நேரம் படுத்து எழுந்தாலும் தூங்கின மாதிரியே இல்லை. அம்மாவுக்கு ஐம்பது வயதிலிருந்தே முழங்கால் தேய்மானம், விரல் நுனி மூட்டுகளில் முண்டு முண்டாக வீக்கம். பெரியம்மாவுக்கு முடக்குவாதம், விரல்கள் கோணிவிட்டன. இவருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனையில், முடக்குவாதச் சந்தேகத்தில் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் மட்டும் கொஞ்சம் கூடுதல். அதே நோய்க்கான ஆன்ட்டி சி.சி.பி., உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி., தைராய்டு எல்லாம் சரி, எக்ஸ்ரேயும் சரி. ஒரு டாக்டர் "உங்களுக்கு ஒன்றும் இல்லை" என்று அனுப்பிவிட்டார். கணவர் "எல்லாம் மனசுதான்" என்கிறார். உறவினர்களோ "உங்க குடும்பத்து ரத்தமே அப்படி" என்கிறார்கள். வலி தாங்காத நாட்களில் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுக்கொள்கிறார், சில மாதங்களாக ஒரு டாக்டர் கொடுத்த ப்ரீகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரையும் ராத்திரியில் ஓடுகிறது. ஒன்பது வயது மகள் சில இரவுகளில் கால் வலி என்று அழுகிறாளாம்.

அவர் கேட்பவை: பெரியம்மாவின் நோய் எனக்குள் ஒளிந்திருக்கிறதா? எச்சிலை அனுப்பிச் செய்கிற மரபணுப் பரிசோதனையை எனக்கும் மகளுக்கும் செய்துவிடலாமா? உடல் வலி ஐம்பது சதவீதம் பரம்பரை என்று படித்தேன், அப்படியானால் என் மகளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்புதானே? இரண்டாவது குழந்தையே வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறேன், சரிதானே?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கடிதத்தை மட்டும் வைத்து யாருக்கும் நோய்ப் பெயர் சூட்ட முடியாது, உடம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும், மூட்டை அழுத்திப் பார்க்க வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், உங்கள் பெரியம்மாவுக்கு வந்தது உங்களுக்கு வந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதே நேரம், உங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொன்ன டாக்டரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. ரத்தத்திலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை என்பது வேறு, உங்களுக்கு ஒன்றும் இல்லை என்பது வேறு.

ஒரே வீட்டில் மூன்று வெவ்வேறு வலிகள்

உறவினர்கள் "மூட்டு வலி ரத்தம்" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டார்கள். பிரித்துப் பார்ப்போம். அம்மாவுக்கு இருப்பது மூட்டுத் தேய்மானம். அதிலும் விரல் நுனி முண்டு குடும்பத்தில் தாய் வழியாக, சகோதரிகள் வழியாக ஓடும் என்பது 1940-களிலேயே மருத்துவர்கள் எழுதி வைத்த விஷயம். பெண் இரட்டையர்களை வைத்து 1996-ல் பிரிட்டனில் செய்த ஆய்வு, கை மற்றும் முழங்கால் தேய்மானத்தில் மரபின் பங்கு 39 முதல் 65 சதவீதம் வரை என்று கணக்கிட்டது. 2021-ல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலைச் சேர்த்துப் பார்த்தபோது தேய்மானத்தோடு தொடர்புள்ள 100 மரபு மாற்றங்கள் கிடைத்தன. ஒவ்வொன்றின் பங்கும் துளியூண்டு. ஆக, தேய்மானத்துக்கு என்று ஒற்றை மரபணு கிடையாது.

பெரியம்மாவுக்கு இருப்பது முடக்குவாதம். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிற நோய் அது, தேய்மானத்தோடு அதற்கு உறவு கிடையாது. அதன் மரபுக் கூறுகளில் மிகப் பெரியது ஹெச்.எல்.ஏ. டி.ஆர்.பி.1 என்ற மரபணுவில் இருக்கிறது. அந்த வகை மரபணு உள்ளவர் புகையும் பிடித்தால் ஆபத்து இன்னும் எகிறும்.

மூன்றாவது, உங்களுடையது. பல இடங்களில், மூன்று மாதத்துக்கு மேலாக, மூட்டு வீங்காமல், தூக்கம் கெட்டு, அசதியோடு வருகிற வலி. நாள்பட்ட பரவலான வலி என்பார்கள், அதோடு தூக்கம், அசதி, மறதி போன்றவை ஒரு அளவுக்கு மேல் போனால் ஃபைப்ரோமயால்ஜியா என்ற பெயர் வரும். இதில் மூட்டு கெடுவதில்லை. மூட்டிலிருந்தும் தசையிலிருந்தும் வருகிற தகவலைத் தண்டுவடமும் மூளையும் வாங்கிக்கொள்ளும் விதத்தில்தான் கோளாறு. வாசலில் கட்டியிருக்கும் நாய் திருடனுக்கும் குரைக்கும், தபால்காரருக்கும் குரைக்கும், காற்றில் கதவு ஆடினாலும் குரைக்கும் என்றால் எப்படியோ, அப்படி. குரைப்பு நிஜம், வீட்டில் திருட்டு மட்டும் நடக்கவில்லை.

உங்கள் கணவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள்: 2017-ல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம், திசு சேதத்தால் வரும் வலி, நரம்பு சேதத்தால் வரும் வலி என்ற இரண்டுக்கும் பக்கத்தில், வலியைக் கையாளும் முறையே மாறிப்போவதால் வரும் வலி என்று மூன்றாவதாக ஒரு வகையையும் முறைப்படி ஏற்றுக்கொண்டது. மனக்கவலை இதைக் கூட்டும், மறுக்கவில்லை. தூக்கமில்லாத இரவும் கூட்டும், கூட்டும் என்பதால் அதுவே காரணம் என்று ஆகிவிடாது.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி

கடிதத்தின் ஏழாவது பக்கத்தில், பெரியம்மாவைப் பற்றி அவ்வளவு எழுதிய பிறகு, "அம்மா எப்போதும் தலையில் துணி கட்டிக்கொண்டுதான் இருப்பார், ஒற்றைத் தலைவலி, அப்புறம் வயிறும் சரியிருக்காது, ராத்திரி தூங்கவும் மாட்டார்" என்று ஒரே வரியில் கடந்து போயிருக்கிறீர்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான்.

லண்டன் கிங்ஸ் காலேஜில் ட்வின்ஸ் யூ.கே. என்று ஒரு பதிவேடு 1992 முதல் நடக்கிறது. ஆயிரக்கணக்கான இரட்டையர்கள் அதில் இருக்கிறார்கள். அவர்களை வைத்து 2014-ல் வந்த ஆய்வில், பரவலான உடல் வலி, எரிச்சல் குடல் நோய், நாள்பட்ட அடிவயிற்று வலி, கண் வறட்சி ஆகிய நான்கும் ஒரு பொதுவான மரபுக் காரணத்தைப் பகிர்ந்துகொள்வதாகத் தெரிந்தது. ஒற்றைத் தலைவலியும் இந்தக் கூட்டத்தோடு அடிக்கடி சேர்ந்து வருவதை நாங்கள் தினமும் பார்க்கிறோம். அதனால், அம்மாவிடமிருந்து உங்களுக்கு ஏதாவது வந்திருக்கிறது என்றால், அது மூட்டுத் தேய்மானத்தைவிட இந்த "வலியைக் கூடுதலாக உணரும் தன்மை"யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அம்மாவின் முழங்கால் எக்ஸ்ரேயில் தேய்மானம் கொஞ்சம்தான், வலி மட்டும் ஏன் இவ்வளவு என்று டாக்டர் ஆச்சரியப்பட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தேய்மானமும் அதன் மேல் இந்தத் தன்மையும் சேர்ந்தால் அப்படித்தான் இருக்கும். எக்ஸ்ரேயில் மூட்டு மோசமாக இருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்களும் உண்டு, அதற்கு நேர்மாறும் உண்டு.

ஐம்பது சதவீதம் என்றால் பாதிக்குப் பாதி என்று அர்த்தமில்லை

நீங்கள் படித்த எண் சரிதான். ஸ்வீடன் இரட்டையர் பதிவேட்டை வைத்து 2006-ல் வெளியான ஆய்வு, பரவலான வலியில் மரபின் பங்கு ஏறக்குறைய பாதி என்று சொன்னது. ஆனால் அது என்ன பாதி? ஒரு பெரிய மக்கள் தொகையில் சிலருக்கு வலி இருக்கிறது, சிலருக்கு இல்லை. இந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கை மரபு வேறுபாட்டைக் கொண்டு விளக்கலாம் என்பதுதான் கணக்கு. உருவத்தில் ஒன்றான இரட்டையருக்கு மரபணு முழுக்க ஒன்று, மற்ற இரட்டையருக்குச் சராசரியாகப் பாதிதான் பொது. வளர்ந்ததோ ஒரே வீடு. முதல் வகையில் இருவருக்கும் சேர்ந்து வலி இருப்பது இரண்டாம் வகையைவிட எவ்வளவு அதிகம் என்று பார்த்து இந்தச் சதவீதத்தைப் போடுகிறார்கள். இது ஒரு கூட்டத்தைப் பற்றிய எண். உங்கள் மகள் என்ற ஒரு குழந்தைக்கு வருமா வராதா என்பதை இதிலிருந்து எடுக்கவே முடியாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் முடக்குவாதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மரபின் பங்கு 60 சதவீதம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் 1993-ல் பிரிட்டனில் வந்த ஆய்வில், உருவத்தில் ஒன்றான இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் இருந்தபோது மற்றவருக்கும் இருந்தது சுமார் 15 சதவீதம் பேரிடம்தான். அச்சு அசலாக அதே மரபணு, 100-ல் 85 பேருக்கு வரவில்லை! உங்கள் பெரியம்மாவுக்கும் உங்களுக்கும் பொதுவாக இருப்பதோ சராசரியாகக் கால் பங்கு மரபணு. முடக்குவாதம் மொத்தத்தில் 100 பேரில் ஒருவருக்கோ அதற்கும் குறைவாகவோதான் வருகிறது, நெருங்கிய ரத்த உறவு இருந்து அது இரண்டு மூன்று மடங்கு ஆனாலும் பெரும்பாலானவர்கள் தப்பித்துவிடுகிறார்கள்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஃபைப்ரோமயால்ஜியா உள்ளவரின் பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்களுக்கு அது வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு என்று 2004-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே பரம்பரை என்று உறவினர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. "அதனால் ஒன்றும் செய்ய முடியாது" என்று அவர்கள் சேர்த்துக்கொண்ட இன்னொரு பாதிதான் தப்பு.

அந்த ஆர்.ஏ. ஃபேக்டர்

இந்தப் பரிசோதனையால் தூக்கம் கெட்டவர்களை நிறையப் பார்க்கிறேன். எந்த நோயும் இல்லாதவர்களில் 100-க்கு ஏறக்குறைய 5 பேருக்கு இது பாசிட்டிவ் வரும், வயது ஏற ஏற இன்னும் கூடும். முடக்குவாதத்தை உறுதிப்படுத்த இதைவிட நம்பகமானது ஆன்ட்டி சி.சி.பி., அது உங்களுக்கு நெகட்டிவ். ஈ.எஸ்.ஆரும் சி.ஆர்.பி.யும் சரி. வீக்கமும் இல்லை. இத்தனைக்குப் பிறகு கொஞ்சம் கூடின ஆர்.ஏ. ஃபேக்டருக்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதையே திரும்பத் திரும்ப எடுப்பதில் எந்தப் பயனும் இல்லை.

ஒரு விஷயம் மட்டும் நீங்கள் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். காலையில் உடம்பு கட்டை மாதிரி இருக்கிறது என்கிறீர்கள், எவ்வளவு நேரம்? ஒரு வாரம் கடிகாரத்தைப் பார்த்துக் குறித்து வையுங்கள். விரல் மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கினால், தொட்டால் சூடாக இருந்தால், மோதிரம் திடீரென்று இறுகினால், காரணமில்லாமல் எடை குறைந்தால், காய்ச்சல் வந்தால், சொரியாசிஸ் இருந்தால், கண் சிவந்து வலித்து வெளிச்சம் பார்க்கக் கூசினால், ராத்திரியில் தூக்கத்தைக் கலைத்து, எழுந்து நடந்தால் குறைகிற இடுப்பு வலியாக இருந்தால், நான் மேலே சொன்ன சமாதானமெல்லாம் செல்லாது. உடனே மூட்டுவாத நோய் நிபுணரைப் பாருங்கள். பரவலான வலியும் முடக்குவாதமும் ஒரே ஆளிடம் சேர்ந்தும் இருக்கலாம்.

எச்சில் பரிசோதனை: உங்களுக்கு வேண்டாம், மகளுக்கு வேண்டவே வேண்டாம்

ஒரே ஒரு மரபணு வலியைத் தீர்மானிக்கிற மனிதர்கள் இருக்கிறார்கள்தான். எஸ்.சி.என்.9ஏ என்ற மரபணு வேலை செய்யாமல் போனதால் பிறவியிலிருந்தே வலி என்றால் என்னவென்று தெரியாத சிலரை வட பாகிஸ்தானில் கண்டுபிடித்து 2006-ல் எழுதினார்கள். அதே மரபணு அளவுக்கு மீறி வேலை செய்தால் கை கால் நெருப்பாக எரியும் ஒரு நோய் வரும். ஆனால் இதெல்லாம் மிக மிக அபூர்வம். உங்களுடையது போன்ற வலியில், பிரிட்டனின் யூ.கே. பயோபேங்க் என்ற பெரிய மரபணு, உடல்நலத் தகவல் தொகுப்பை வைத்து 2021-ல் வந்த ஆய்வில் தேறியது மரபணுத் தொகுதியில் மூன்றே இடங்கள். அதில் ஒன்று, டோபமின், நார்அட்ரினலின் போன்றவற்றைச் சிதைக்கும் நொதிக்கான சி.ஓ.எம்.டி. மரபணு. இணைய விளம்பரங்களில் "வலி மரபணு" என்று வருவது பெரும்பாலும் இதுதான். இதன் ஒரு வகை உங்களிடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் என் சிகிச்சை ஒரு மாத்திரை கூட மாறாது, அப்படியிருக்க எதற்கு அந்தப் பரிசோதனை?

விதிவிலக்கு இருக்கிறது. முதுகெலும்பு வாத நோய் என்று சந்தேகம் வந்தால் ஹெச்.எல்.ஏ. பி27 பார்ப்போம். அதுவும் ஒரு துணைச் சான்றுதான், அந்த மரபணு உள்ள பெரும்பாலானவர்களுக்கு நோய் வருவதே இல்லை. மூட்டுகள் அளவுக்கு மீறி வளைந்து, அடிக்கடி நழுவி, குடும்பத்தில் ரத்தக்குழாய் வெடித்து யாராவது சிறு வயதில் இறந்திருந்தால் மரபியல் நிபுணரிடம் அனுப்புவோம். உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை.

மகள் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. பெரியவரான பிறகு வரக்கூடிய, இப்போதே தடுக்க வழியில்லாத நோய்களுக்குக் குழந்தைகளிடம் முன்கூட்டி மரபணுப் பரிசோதனை செய்யக் கூடாது என்பது மரபியல் மருத்துவர்களின் பொதுவான நிலைப்பாடு. தன் உடம்பைப் பற்றி எதைத் தெரிந்துகொள்வது, எதைத் தெரியாமலே இருப்பது என்று வளர்ந்த பிறகு தீர்மானிக்கும் உரிமை அவளுக்கு இருக்கிறது. அதோடு, தனியார் நிறுவனத்துக்குப் போன எச்சிலின் தகவல் அங்கே எவ்வளவு காலம் இருக்கும், யாரிடம் போகும் என்பது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும், அதை யாரும் படிப்பதில்லை.

சரி, என்ன செய்யலாம்?

டைக்ளோஃபெனாக்கை முதலில் விடுங்கள். மூட்டு அழற்சி இல்லாத உங்கள் வகை வலியில் அது பெரிதாகக் கேட்காது, வயிற்றுப் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும்தான் மிச்சம். ஸ்டீராய்டும், டிரமடாலைவிட வலுவான ஓபியாய்டுகளும் (அபின் வகை வலி மருந்துகள்) இதற்கு வேண்டாம், யாராவது எழுதிக் கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள். கேட்பதற்கும், வேறொரு டாக்டரின் கருத்தை வாங்குவதற்கும், பரிசோதனை முடிவுகளின் நகலைக் கையில் வைத்துக்கொள்வதற்கும் நீங்கள் யாரிடமும் சங்கடப்பட வேண்டியதில்லை. ராத்திரியில் குறைந்த அளவு அமிட்ரிப்டிலின், அல்லது டுலாக்செட்டின், நீங்கள் எடுக்கும் ப்ரீகாபலின் ஆகியவை சிலருக்கு நன்றாகக் கேட்கும், சிலருக்குத் தூக்கக் கலக்கம்தான் மிஞ்சும். இரண்டு மூன்று மாதத்தில் வித்தியாசம் தெரியாவிட்டால் டாக்டரோடு பேசி மெதுவாகக் குறைக்கலாம். திடீரென்று நிறுத்திவிடாதீர்கள்.

ஆனால் மாத்திரை இங்கே இரண்டாம் இடம்தான். ஐரோப்பிய மூட்டுநோய்க் கூட்டமைப்பு ஃபைப்ரோமயால்ஜியாவுக்காக 2016-ல் திருத்திய பரிந்துரையில் "உறுதியாகப் பரிந்துரைக்கிறோம்" என்ற தகுதி கிடைத்தது ஒன்றே ஒன்றுக்கு, உடற்பயிற்சிக்கு. இதைச் சொன்னதும் நோயாளிகள் முகம் வாடுவதைப் பார்க்கிறேன், நடந்தாலே வலிக்கிறது, இவர் என்ன உடற்பயிற்சி என்கிறார் என்று. நியாயம்தான். உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது, வலி குறைந்த ஒரு நாளில் அலமாரி முழுக்கச் சுத்தம் செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுக்கையில் கிடந்தீர்கள். அந்த முறையைத்தான் உடைக்க வேண்டும். மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவு எதுவோ, பத்து நிமிட நடையோ ஐந்து நிமிடமோ, அதில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் அதற்கு மேல் போகாதீர்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் போதும். முதல் சில வாரம் வலி கொஞ்சம் கூடும், உள்ளே எதுவும் கிழியவில்லை. பிறகு தசைக்கு வலுவூட்டும் பயிற்சியைச் சேர்க்கலாம்.

தூக்கத்தைத் தனியாக விசாரிக்க வேண்டும். குறட்டை, மூச்சு நின்று நின்று வருவது, படுத்ததும் காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவது ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், அவற்றுக்குத் தனிச் சிகிச்சை உண்டு. வலியைச் சமாளிக்கப் பழக்கும் உளவியல் சிகிச்சைக்கு யாராவது அனுப்பினால் "என்னைப் பைத்தியம் என்கிறார்களா" என்று கோபித்துக்கொள்ளாமல் போங்கள்.

அம்மாவின் முழங்கால் உங்களுக்கும் வருமோ என்ற பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹம் ஆய்வில், பத்து வருடத்தில் சுமார் 5 கிலோ எடை குறைத்த பெண்களுக்கு, வலியோடு கூடிய முழங்கால் தேய்மானம் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைந்ததாக 1992-ல் வெளியிட்டார்கள். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை, தேவைக்கு அதிகம் இருந்தால் மட்டும் இது உங்களுக்குப் பொருந்தும்.

மகளின் கால் வலி

இரண்டு காலிலும், சாயங்காலமோ ராத்திரியோ வந்து, தடவிவிட்டால் அடங்கி, காலையில் எதுவுமே நடக்காத மாதிரி ஓடியாடுகிறாள் என்றால் அது பெரும்பாலும் வளரும் பருவத்துக் கால் வலி. நீங்கள் எழுதியிருப்பது அப்படித்தான் இருக்கிறது. அது தானாகப் போய்விடும். ஒரே காலில் மட்டும், ஒரே இடத்தில் வலித்தால், நொண்டினால், மூட்டு வீங்கினால், காய்ச்சலோ எடைக் குறைவோ சேர்ந்தால், பகலிலும் விளையாட மறுத்தால் குழந்தை மருத்துவரிடம் காட்டத் தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி காலைத் தடவிவிட்டுத் தூங்க வையுங்கள், "எனக்கு வந்தது உனக்கும் வந்துடுச்சா" என்று அவள் முன்னால் கலங்காதீர்கள். நாள்பட்ட வலி உள்ள பெற்றோரின் பிள்ளைகளுக்கு வலிப் புகார் அதிகம் என்பது தெரிந்ததே, மரபு ஒரு வழி, வலியை வீட்டில் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று பார்த்துக் கற்றுக்கொள்வது இன்னொரு வழி. முதலாவது உங்கள் கையில் இல்லை.

இரண்டாவது குழந்தை

வேண்டாம் என்பதற்கு உங்கள் இருவரிடமும் ஆயிரம் காரணம் இருக்கலாம், உடம்பு தாங்காது என்பதும் நேர்மையான காரணம்தான், அதில் தலையிட எனக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் "என் மரபணுவைக் கடத்தக் கூடாது" என்பது காரணமாக இருந்தால், அதற்கு மருத்துவத்தில் ஆதாரம் இல்லை என்று சொல்ல வேண்டியது என் பொறுப்பு. இந்த வலிக்காக யாரையும் குழந்தை பெறாதீர்கள் என்று நாங்கள் சொல்வதில்லை. மனம் மாறினால் ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும்: ப்ரீகாபலின் எடுத்துக்கொண்டு கருத்தரித்தால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் ஆபத்து கொஞ்சம் கூடுகிறது. அதனால் முயற்சியைத் தொடங்குவதற்குச் சில மாதம் முன்பே மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லி, படிப்படியாகக் குறைக்கவோ மாற்றவோ கேளுங்கள், அதுவரை கருத்தடை முறையை விடாதீர்கள்.